‘இங்கே இடமில்லை’ என்று பள்ளியில் சொன்னால்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோர் என்ன செய்யலாம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளி அலுவலகத்தில் நின்றபடி வாயால் சொல்லப்படும் பதில் முடிவு ஆகாது. “இந்தப் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாதும்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் நான் பழகும் பெற்றோர் பலர் அப்படித்தான் திரும்பிவிடுகிறார்கள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற மரியாதை ஒரு பக்கம், செம்பனைக் காட்டு வேலைக்கு அரைநாள் லீவு போட்டு வந்த அவசரம் இன்னொரு பக்கம், பிள்ளை அங்கேயே தரையில் உருண்டு கத்தியதில் நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற கூச்சம் எல்லாவற்றுக்கும் மேலே. அந்த ஒரு திரும்புதலில் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடுகிறது, சில பிள்ளைகளுக்குப் பள்ளியே போய்விடுகிறது.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது, எந்தத் தாளை எங்கே வாங்குவது, யாரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் இவற்றைத் தெரிந்துகொள்ள வக்கீலாக இருக்க வேண்டியதும் இல்லை.

சட்டம் யார் தலையில் பொறுப்பை வைக்கிறது

மூன்று சட்டங்களின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும், பேச்சின் தொனியே மாறிவிடும்.

முதலாவது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், சட்டம் 550. அதன் 40ஆம் பிரிவு சிறப்புக் கல்வியை ஏற்படுத்தித் தரும் பொறுப்பைக் கல்வி அமைச்சரிடம் கொடுக்கிறது. சிறப்புப் பள்ளிகளிலோ, சாதாரண ஆரம்பப் பள்ளி, இடைநிலைப் பள்ளிகளிலோ அது நடக்கலாம். அதே சட்டத்தின் 29A பிரிவுப்படி 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். ஆறு வயது நிறைந்த பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. “கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்திருங்கள்” என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லும்போது, சட்டத்தின் முன்னால் பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர் அல்ல, நீங்கள். அதனால்தான் அந்தப் பேச்சை எழுத்தில் கேட்க வேண்டும் என்கிறேன்.

இரண்டாவது, 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள். அன்றாடம் அதிகம் கைகொடுப்பது இதுதான். இதற்கு முன் 1997 விதிமுறைகள் இருந்தன. அதில் ‘கற்பிக்கத் தக்க’ பிள்ளை என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். பிறர் உதவியில்லாமல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் பிள்ளைக்குத்தான் இடம். பேம்பர்ஸ் போட்ட பிள்ளை, தானாகச் சாப்பிடத் தெரியாத பிள்ளை எல்லாம் அந்த ஒரு வரியில் வெளியே நின்றார்கள். 2013 விதிமுறைகளின் வரையறையில் அந்த நிபந்தனை இல்லை. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ குறைபாடு இருப்பதாகத் தகுதியுள்ளவர் உறுதிப்படுத்தினால் அந்தப் பிள்ளை சிறப்புக் கல்வி மாணவர்தான். ஆனாலும் பழைய பேச்சு இன்னும் காற்றில் இருக்கிறது. “முதலில் பாத்ரூம் போகப் பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்” என்று சொன்னால், எந்த விதியில் அப்படி இருக்கிறது என்று பணிவாகக் கேளுங்கள். பணிவாகத்தான், ஆனால் கட்டாயம் கேளுங்கள்.

மூன்றாவது, 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685. அதன் 28ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் பொதுக் கல்வி முறையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. பாலர் பள்ளியிலிருந்து உயர்கல்வி வரை இது பொருந்தும். அதோடு நிற்கவில்லை, கட்டட வசதி, கருவிகள், பாடப்பொருள், சொல்லிக்கொடுக்கும் முறை, பாடத்திட்டம் என்று பிள்ளையின் தேவைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாடுகளை அரசாங்கமும் தனியார் கல்வி நிலையங்களும் செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. தனியார் பாலர் பள்ளி நடத்துபவர்களுக்கும் இது உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இதில் ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் 685-ஐ மீறினால் இன்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. அரசாங்கத்தின் மேல் வழக்குப் போக முடியாதபடி பாதுகாப்பையும் அந்தச் சட்டமே கொடுத்திருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான். கடமை என்று எழுதிவிட்டு, மீறினால் கேட்பதற்கு வழி வைக்காமல் விட்டது பெரிய குறை. ஆனால் அதற்காகச் சட்டம் உதவாது என்று ஒதுக்கிவிட முடியாது. அதிகாரிகள் ஒரு கடிதத்தில் சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் பார்த்தால் அதைக் கோப்பில் போட்டுப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

2019 முதல் கல்வி அமைச்சு நடைமுறைப்படுத்தும் ‘சீரோ ரிஜெக்ட்’ கொள்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அது. பள்ளியில் பேசும்போது இந்தப் பெயரைச் சொன்னாலே பலருக்கும் உடனே புரியும்.

தாள்களைச் சேர்ப்பது

பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதிலேயே சந்தேகம் வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று பாட்டி சொல்வார், பாசத்தில்தான் சொல்கிறார், ஆனால் அதைக் கேட்டு ஆறு வயது வரை உட்கார்ந்துவிட்டால், ஒன்றாம் ஆண்டுப் பதிவு நேரத்தில் கையில் ஒரு தாளும் இருக்காது. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கில், பிள்ளைக்குக் கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், எது கவலையாக இருக்கிறதோ அதை அப்படியே சொல்லுங்கள்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதில்லை, சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். வீட்டில் நடப்பதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் டாக்டர் முன்னால் பிள்ளைகள் பல நேரம் சமத்தாக உட்கார்ந்துவிடுவார்கள். அங்கே கட்டணம் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து குழந்தைகள் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார்கள். நம் பக்கத்துக்காரர்கள் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன்.

விதிமுறைப்படி, பிள்ளையின் நிலையை மருத்துவர், கண்பார்வை நிபுணர், செவித்திறன் நிபுணர், உளவியல் நிபுணர் ஆகியோரில் சம்பந்தப்பட்டவர் உறுதிப்படுத்தலாம். அவர் அரசாங்க வேலையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவசரம் என்றால், காசு இருந்தால், தனியாரிடமும் வாங்கலாம்.

அடுத்தது ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. சமூகநலத் துறை, அதாவது ஜேகேஎம், கொடுப்பது. பாரத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி, பிள்ளையின் மைகிட் எனப்படும் அடையாளக் கார்டு, படம், உங்கள் அடையாளக் கார்டு நகல் எல்லாம் சேர்த்து மாவட்ட ஜேகேஎம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருப்பது), டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிக்கத் திணறுவது) எல்லாம் அங்கே ‘கற்றல்’ என்ற பிரிவுக்குள் வரும். இந்தக் கார்டைப் பற்றி நம்மிடம் ஒரு பயம் உண்டு. பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள், நாளைக்குக் கல்யாணம் பேசும்போது பிரச்சினை வரும் என்று தாத்தா பாட்டியெல்லாம் தடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பதிவு கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆனால் கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் இலவச சிகிச்சை, பள்ளிச் சேர்க்கையும் சுலபம். அத்தோடு சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. உள்தோட்டத்திலிருந்து வேன் வைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்துக்கு அந்தக் காசு சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கார்டு கைக்கு வரும்வரை பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை. விதிமுறைகள் கேட்பது நிபுணரின் உறுதிப்பாட்டை. கார்டு வரவில்லை என்றால் விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீதையும் டாக்டர் கடிதத்தையும் காட்டிப் பேசுங்கள்.

பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் உள்ள பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அது தனிப் போராட்டம். அப்பா அம்மாவில் ஒருவராவது மலேசியக் குடிமகன் என்றால், தாள் இல்லை என்பதற்காக முயற்சியை விடாதீர்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் பேசுங்கள்.

விண்ணப்பமும் சோதனைக் காலமும்

அரசாங்கத்தில் மூன்று வழி இருக்கிறது. ஒன்று தனிச் சிறப்புப் பள்ளி. பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு ஜொகூர் பாருவிலும், காது கேளாத பிள்ளைகளுக்குப் பினாங்கிலும் இருப்பதைப் போல. தங்கும் விடுதியோடு இருக்கும். இரண்டாவது சாதாரணப் பள்ளிக்குள்ளேயே நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்பு, எல்லாரும் பிபிகேஐ என்று சொல்வது. கற்றல் குறைபாடு உள்ள நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போவது இங்கேதான். மூன்றாவது இன்குளுசிஃப், அதாவது மற்ற பிள்ளைகளோடு அதே வகுப்பில், முழு நேரமாகவோ சில பாடங்களுக்கு மட்டுமோ.

பிபிகேஐ உள்ள பள்ளி பக்கத்தில் எது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில், நமக்கென்றால் கோலக்கங்சார் பிபிடியில், சிறப்புக் கல்வி அதிகாரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியை மட்டும் நம்பி இருக்காதீர்கள், இடம் ஒதுக்குவதில் பிபிடிக்குத்தான் முழு நிலவரம் தெரியும். விண்ணப்பம் கொடுக்கும்போது எல்லாவற்றிலும் ஒரு நகல் வைத்துக்கொண்டு, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான ‘தெரிமா’ முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். முத்திரை இல்லாத தாள் பின்னால் காணாமல் போனால் நிரூபிக்க வழியே இல்லை.

பிள்ளையைச் சேர்த்ததும் மூன்று மாதத்துக்கு மேற்படாத சோதனைக் காலம் உண்டு. இது விதிமுறையிலேயே இருக்கிறது. இந்தச் சோதனை, பிள்ளைக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்று பார்ப்பதற்கு. சில பெற்றோர் இதைப் பரீட்சை என்று நினைத்துப் பயந்துபோய், பிள்ளை வீட்டில் செய்யும் சேட்டையை டீச்சரிடம் மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள். எப்போது கோபம் வரும், எதைக் கண்டால் அமைதியாவான், எந்தச் சாப்பாட்டைத் துப்பிவிடுவான் என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுங்கள். மூன்று மாதம் முடிந்து பொருந்தவில்லை என்று சொன்னால், ஏன் பொருந்தவில்லை, அப்படியானால் வேறு எங்கே என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். ‘வீட்டுக்கு’ என்பது இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது. பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்துக்குப் போகச் சொல்வார்கள்; அந்த மையங்கள் நல்ல வேலை செய்கின்றன, ஆனால் அவை ஜேகேஎம் கீழ் வருபவை, பள்ளி அல்ல.

ஆர்பிஐ கூட்டம்: இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்

சேர்த்தாகிவிட்டது, இனி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். பிபிகேஐயில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் ஒன்று எழுத வேண்டும். அதற்கு ரன்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு, சுருக்கமாக ஆர்பிஐ, என்று பெயர். பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான், இந்த வருஷம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், யார் எப்படிச் சொல்லித் தருவார் என்று அதில் இருக்கும். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசித்தான் அதைத் தயாரிக்க வேண்டும். பல இடங்களில் என்ன நடக்கிறது என்றால், எழுதி முடித்த தாளை நீட்டி “இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா” என்கிறார்கள், அம்மாவும் போட்டுவிடுகிறார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கேளுங்கள். மலாயில் இருந்தால் மூத்த பிள்ளையை வைத்துப் படிக்கலாம். அதில் ‘தொடர்பாற்றலை மேம்படுத்துதல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எதையும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ‘ஜூன் மாதத்துக்குள் தண்ணீர் வேண்டும் என்றாலும் கழிவறை போக வேண்டும் என்றாலும் பட அட்டையைக் காட்டியோ சொல்லியோ தானாகக் கேட்பான்’ என்று எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கினார். டீச்சர் நான்கு பட அட்டைகளை லாமினேட் செய்து பிள்ளையின் மேசையோரத்தில் ஒட்டினார், அதே அட்டைகளில் ஒரு செட்டை அம்மா வாங்கி வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். பள்ளி விடுமுறைக்கு முன்பே பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்ப் படத்தில் விரல் வைக்க ஆரம்பித்துவிட்டான். ஜூன் வந்தால் நடந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்படி அளந்து பார்க்கக் கூடிய வரிகள் இரண்டு மூன்று இருந்தால் போதும், பத்து வேண்டாம்.

சாதாரண வகுப்பில் இருக்கும் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்கும் கேட்க வேண்டியவை உண்டு. முன்வரிசையில் இடம், கரும்பலகையில் உள்ளதை எழுதக் கூடுதல் நேரம், வாய்மொழியாகப் பதில் சொல்ல வாய்ப்பு. மேலே சொன்ன நியாயமான ஏற்பாடு என்பது இதுதான். பின்னால் இடைநிலைப் பள்ளியின் எஸ்பிஎம் தேர்வு எழுதும்போது கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துச் சொல்பவர், பெரிய எழுத்துத் தாள் போன்ற சலுகைகளைத் தேர்வு வாரியத்திடம் பள்ளிதான் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதற்குப் பழைய தாள்கள் எல்லாம் வேண்டும், அதனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா

பிபிகேஐ சில தமிழ்ப்பள்ளிகளில்தான் இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. இது நம் பெற்றோருக்கு உண்மையான வேதனை. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த, பேச்சே இப்போதுதான் வரும் பிள்ளையை மலாய் மட்டும் பேசும் வகுப்பில் விட்டால், இரண்டு மொழிக்கு நடுவில் அது திணறுகிறது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் வகுப்பு வரட்டும் என்று பிள்ளையைக் காக்க வைக்கவும் கூடாது. என் யோசனை: இருக்கிற இடத்தில் சேர்த்துவிடுங்கள், கூடவே தமிழ்ப்பள்ளியில் வகுப்பு கேளுங்கள். தனியாகக் கேட்டால் நடக்காது. தோட்டம் தோட்டமாக இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர், வயது, மருத்துவக் கடிதம் எல்லாம் சேர்த்து, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் கையெழுத்திட்டு, தலைமையாசிரியர் மூலம் பிபிடிக்கும் ஈப்போவில் உள்ள மாநிலக் கல்வி இலாகாவுக்கும் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் இல்லை என்று சொல்ல முடியாதபடி பட்டியல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இந்தப் பட்டியல் எடுப்பது முடியாத வேலை இல்லை.

மறுத்தால்

அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். பெரிய மொழி வேண்டாம். இன்ன தேதியில் இன்னாரைப் பார்த்தேன், என் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று சொன்னார், சட்டம் 685 பிரிவு 28-ன்படியும் 2013 விதிமுறைகளின்படியும் இதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மலாயில் எழுதினால் கடைசியில் ‘மோஹோன் ஜவாப்பான் செச்சாரா பெர்த்துலிஸ்’, அதாவது எழுத்தில் பதில் தரக் கேட்டுக்கொள்கிறேன், என்று ஒரு வரி. தலைமையாசிரியருக்கு ஒன்று, பிபிடிக்கு ஒரு நகல். பல நேரங்களில் இந்தக் கடிதமே போதும், கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள். சும்மா ஃபேஸ்புக்கில் போட்டுத் திட்டுவதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள், நாளைக்கு அதே டீச்சர்தான் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைக்கப் போகிறார். ஆளும் இடமும் போதாமல் திணறும் ஆசிரியர்களும் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. கூடுதல் உதவியாளர் கேட்டு பிபிடிக்கு எழுதும்போது அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள்.

பதில் வரவில்லை என்றால் மாநிலக் கல்வி இலாகா, அதற்கும் மேலே கல்வி அமைச்சின் சிஸ்பா புகார் முறை. அதில் இணையத்தில் புகார் கொடுத்தால் எண் ஒன்று கொடுப்பார்கள், அந்த எண்ணை வைத்துத் தொடரலாம். மனித உரிமை ஆணையமான சுஹாக்காமுக்கும் எழுதலாம், அங்கே பிள்ளைகளுக்கென்று தனி ஆணையர் இருக்கிறார். சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்குப் போவதில் தப்பில்லை, ஆனால் கையில் முத்திரை குத்திய நகல்களோடு போங்கள், இல்லையென்றால் “பார்க்கிறேன்” என்பதோடு முடிந்துவிடும்.

பிள்ளை ஐந்தாம் ஆண்டுக்கு வந்ததும் இதே வேலையை இடைநிலைப் பள்ளிக்காகத் தொடங்க வேண்டும். எந்த இடைநிலைப் பள்ளியில் பிபிகேஐ இருக்கிறது, கைத்தொழில் பாடங்கள் என்னென்ன உண்டு, பஸ் எப்படி, படிப்புக் காலத்தை நீட்டிக்க வேண்டுமா என்றெல்லாம் அந்த வருஷ ஆர்பிஐ கூட்டத்திலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஆறாம் ஆண்டின் கடைசி மாதத்தில் போய் நின்றால் பக்கத்துப் பள்ளியில் இடம் முடிந்திருக்கும்.